ஏழாவது லாப்பிஸ்

செத்த மீனை எங்கே மறைத்து எடுத்துப் போவது என்று வெனிங்குக்குப் பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் அவளே கற்றுக்கொண்டாள். உப்பு வாளியின் அடியில் ஈரத்துணி, துணிக்குள் மீன், மேலே மூடி. புது மீன் போவதும் அதே வாளியில்தான். ஏறும்போது உயிர், இறங்கும்போது பிணம். மாடிப்படியில் எதிரே வருகிறவர்களுக்கு அது வெறும் வாளி.

இப்படி ஆறு முறை ஏறி இறங்கியாயிற்று. எல்லாம் ஒரே வீட்டுக்கு. இந்தோனேசியாவின் சுரபாயாவில் அடுக்குக் கேக் விற்கும் தாந்தே ஹெர்லினாவின் வீடு. தாந்தே என்றால் அத்தை மாதிரி, மரியாதைக்குக் கூப்பிடுவது. கீழே கேக் கடை, மேலே கூடம். கூடத்துச் சுவரில் ஆறடி நீளத்துக்குக் கடல் தொட்டி. அதில் பவளங்கள், நாலைந்து சின்ன மீன்கள், அப்புறம் ஒரு ஏஞ்சல் மீன். குட்டியாக இருக்கும்போது அதன் உடம்பு நல்ல கருநீலம், அதன்மேல் வெள்ளை வளையம், வளையத்துக்குள் வளையம். பார்த்தால் தாந்தேயின் கேக்கைக் குறுக்கே வெட்டி வைத்த மாதிரி இருக்கும். அதனால் அவர் அதற்குத் தன் கேக்கின் பெயரையே வைத்துவிட்டார். லாப்பிஸ்.

"பெரிசானா இந்த வளையமெல்லாம் போயிடும் தாந்தே. உடம்பு முழுக்க மஞ்சள் பட்டை வந்துரும். சக்கரவர்த்தி மாதிரி இருக்கும்" என்று சொல்லி விற்றவர் வெனிங் வேலை பார்க்கும் மீன் கடையின் முதலாளி எஃபெண்டி. ஆசை காட்டப் பெரிய மீனின் படம் ஒன்றையும் கொடுத்திருந்தார். தாந்தே அதைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தார். இரண்டு வருடத்துக்கு மேலாக அது ஒட்டியபடியே இருந்தது. ஓரம் சுருண்டு, நீலம் வெளிறிவிட்டது. மீன் மட்டும் மாறவில்லை.

எப்படி மாறும்? மாறுகிற வயசு வரைக்கும் ஒன்றுகூட உயிரோடு இருக்கவில்லையே.

எஃபெண்டி வாங்குவது பொட்டாஸ் என்கிற சயனைடு மருந்து அடித்துப் பிடித்த மீன். பவளத்தின் சந்தில் ஒளிந்திருக்கிற மீன்மேல் முக்குளிக்கிறவன் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சுவான். மீன் மயங்கி வெளியே மிதந்து வரும், அள்ளிப் பையில் போட்டுக்கொள்வான். பார்க்க ஒரு குறையும் இருக்காது. முதல் வாரம் நீந்தும், சாப்பிடும், கண்ணாடிப் பக்கம் வந்து நிற்கும். உள்ளே ஈரல் போயிருக்கும். மூன்று மாதம், அதிகம் போனால் ஐந்து மாதம். ஒரு நாள் காலையில் பாறைக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

"கிடந்தா எடுத்துட்டு ஒண்ணு விட்டுடு" என்பார் எஃபெண்டி. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். தாந்தே காலையில் அடுப்பறையில் இருப்பார், பத்து மணிக்கு முன்னால் மேலே வரமாட்டார். செவ்வாயும் வெள்ளியும் எட்டு மணிக்கு வந்து கண்ணாடி துடைத்து, தண்ணீர் மாற்றி, செத்ததை எடுத்துவிட்டு அதே அளவில் இன்னொன்றை விட்டுவிட வேண்டும்.

"கேட்டா என்ன சொல்றது கோ?" என்று முதல் முறை கேட்டாள் வெனிங். சீன வம்சத்து ஆண்களை அங்கே மரியாதையாகக் கோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன் கேக்கப் போறா? வளையம் இருந்தது, இப்பவும் வளையம் இருக்கு."

"வளரலியேன்னு கேப்பாங்க."

"வீட்டுக்குத் தக்கபடிதான் மீன் வளரும்னு சொல்லு. பட்டதாரியம்மா நீ சொன்னா நம்புவா."

கடையில் அவள் பெயர் அதுதான். பட்டதாரியம்மா. வீட்டிலேயே முதல் பட்டதாரி. பான்யுவாங்கி கடற்கரையில் அப்பாவும் அண்ணனும் மீன் பிடிக்கிறவர்கள். பவளத்தின் நோய்களைப் பற்றி நூற்றுப்பத்துப் பக்கம் எழுதி, பேராசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்லி, கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்டவள். அம்மா ஊரில் எல்லாரிடமும் "எம்பொண்ணு கடல் ஆராய்ச்சியில இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி இந்த வாளியில் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாகத் தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிவிட்டது. விரலிடுக்கில் உப்பு அரித்த புண் ஆறுவதே இல்லை. கோபம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நாளுக்கு எட்டு வீடு போய்த் தண்ணீர் சுமக்கிறவளுக்குக் கோபப்படவும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

ஆறாவது லாப்பிஸின் வயிறு ஒட்ட ஆரம்பித்தபோது அவளுக்குச் சட்டென்று அலுத்துப்போயிற்று. நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போனவள் அண்ணன் புர்னோமோவிடம் கேட்டாள்.

"வலையில பிடிச்ச குட்டி ஒண்ணு வேணும். மருந்து வாடையே படாதது."

"உங்க முதலாளிக்கு ஏது இந்தப் புத்தி?"

"முதலாளிக்கு இல்ல. எனக்கு."

"மீனு வளக்கப் போறியா? வாடகை ரூமுல?"

"ஒண்ணாவது சாகாம இருக்கறதப் பாக்கணும்ணே. அவ்வளவுதான்."

புர்னோமோ மூன்று நாள் தேடி ஒன்றைப் பிடித்துத் தந்தான். அவள் அதைத் தன் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெட்டி ஒன்றில் காற்றுக்குழாய் போட்டு வைத்தாள். கரண்டு ஏறுகிறது என்று வீட்டுக்காரம்மா சண்டை போட்டாள். ஆறு வாரம் இறால் நறுக்கிப் போட்டு, காய்ந்த கடற்பாசி கொடுத்துத் தேற்றினாள். ஆறாவது வாரம் அங்கே பழையது செத்தது. அவள் போட்ட கணக்கு அதுதான். படித்த படிப்பு அந்த அளவுக்காவது உதவியது.

"ஊர்ல இருந்து ஒண்ணு கொண்டாந்திருக்கேன், அதையே விட்டுடறேன்" என்றபோது எஃபெண்டி, "சும்மா வந்ததுதானே? விடு, விடு" என்றார்.

ஏழாவது லாப்பிஸ் சாகவில்லை. ஐந்து மாதம் போயிற்று. எட்டு மாதம் போயிற்று. உள்ளங்கையை விடப் பெரிதாயிற்று. பதினோராவது மாதம் வால் பக்கத்து வளையம் ஒன்று அறுந்து, அறுந்த இடத்தில் மெல்லிய மஞ்சள் கோடு எழுந்தது. வெனிங் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள். துடைக்கிற துணி கையிலேயே காய்ந்துபோயிற்று.

தாந்தேயைக் கேட்கவே வேண்டாம். கேக் வாங்க வந்தவர்களையெல்லாம் மேலே கூட்டி வந்து காட்டினார். "மூணு வருசம்! மூணு வருசம் காத்திருந்தேன். எங்க லாப்பிஸ் நிதானமானவன். அவசரமே படமாட்டான்."

வெனிங் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவாள்.

பதினான்காவது மாதம் லாப்பிஸ் மூளைப் பவளத்தைக் கடித்தது.

அந்தத் தொட்டியில் தாந்தேக்கு மீனை விடப் பெரிது அந்தப் பவளம். பதினோரு வருடத்துக்கு முன்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டாக வந்தது. சாயங்காலம் கடை அடைத்துவிட்டு வந்து, இடுக்கியில் இறால் துணுக்கை எடுத்து, அதன் மடிப்பு மடிப்பான பச்சைச் சதையில் தன் கையாலேயே வைப்பார். அது மெதுவாக வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். இன்றைக்கு ஒரு தட்டு அளவு. அந்தத் தட்டின் ஓரத்தில்தான் லாப்பிஸ் கொத்தியிருந்தது. சதை கிழிந்து, அடியில் இருக்கிற வெள்ளை எலும்பு நகம் அளவுக்கு வெளியே தெரிந்தது. அடுத்த வாரம் இரண்டு நகம்.

அதைத் தப்பென்று சொல்ல முடியாது. கடலில் அது தின்கிற பண்டங்களில் இதுவும் ஒன்று. வயிறு நன்றாக இருக்கிற மீன் கடிக்கத்தான் செய்யும். வெனிங் பாசியை இரட்டிப்பாக்கிப் பார்த்தாள். பாசியையும் தின்றது, பவளத்தையும் தின்றது.

தாந்தே எஃபெண்டிக்குப் போன் செய்தார். எஃபெண்டி வெனிங்கைக் கூப்பிட்டார்.

"அந்த மீனப் பிடி. பாலியில ஒரு ஓட்டல்காரன் பாதி மாறின மீன்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். தாந்தேக்குச் சாதுவா ஒண்ணு விட்டுரலாம்."

"சாதுன்னா? பொட்டாஸ் மீனா?"

"சாதுன்னா சாது. நீ மீனப் பிடி, பாடம் எடுக்காத."

பவளத் தொட்டியில் ஏஞ்சல் மீனை வலை போட்டுப் பிடிக்க முடியாது. வலையைக் கண்டதும் பாறைச் சந்துக்குள் போய் முள்ளை ஊன்றிக்கொள்ளும். பாறையைக் கலைத்தால் பதினோரு வருடத்துப் பவளமும் கலையும். அதற்குக் கண்ணாடி போன்ற பெட்டிப் பொறி ஒன்று உண்டு. ஒரு பக்கம் திறப்பு, திறப்பின் மேல் ஒரு கதவு, கதவைத் தூக்கிப் பிடிக்கத் தூண்டில் நரம்பு. முதல் சில நாள் கதவை மூடவே கூடாது. உள்ளே பாசியை வைத்து, மீனே வந்து தின்று பழக விட வேண்டும். பயம் விட்டுப்போன பிறகுதான் நரம்பை விட வேண்டும். ஒரு தரம் தப்பினால் அப்புறம் ஜென்மத்துக்கும் பெட்டிப் பக்கம் வராது.

வெனிங் நான்கு நாள் தொடர்ந்து போய்ப் பழக்கினாள். அவள் கையில் பாசியைப் பார்த்ததும் அது பெட்டிக்குள் ஓடி வந்து நின்றது. வெள்ளைப் பெட்டியில் ஆறு வாரம் அவளிடம் தின்ற மீன். பழக்க வேண்டிய தேவையே பெரிதாக இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை எஃபெண்டியும் வந்தார். அவர் கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் விரல் நீளத்துக்கு ஒரு வளையக் குட்டி. இந்த முறை ஒளிக்க வேண்டியதில்லை. முழங்கை வரை மாவோடு தாந்தே மேலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லாப்பிஸ் பெட்டிக்குள் போய்ப் பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நரம்பு வெனிங்கின் கையில் இருந்தது.

"எவ்வளவு நல்ல பிள்ளையா இருந்தான்" என்றார் தாந்தே. "மூணு வருசத்துல ஒரு பவளத்தத் தொட்டிருப்பானா? என் கையில இருந்து இறால் வாங்கித் தின்னவன். பெரிசாகப் பெரிசாகக் கெட்டுப்போயிட்டான்."

"சிலது அப்படித்தான் தாந்தே, பிறவிக் குணம்" என்றார் எஃபெண்டி. "இதப் பாருங்க, எவ்வளவு சாது. உங்க பழைய லாப்பிஸ் மாதிரியே."

"ஆமா, அச்சு அசல். முதல்ல இருந்த மாதிரியே இருக்கு. வெனிங், விடு அந்த நரம்ப. என்ன பாத்துட்டு நிக்கற?"

வெனிங் விடவில்லை.

"முன்னால இருந்ததெல்லாம் கடிக்காததுக்குக் காரணம் வேற தாந்தே."

"என்ன?"

"பெரிசாகிப் பசி எடுக்கற வரைக்கும் அதுங்க உயிரோட இல்ல."

"ஏய்!" என்றார் எஃபெண்டி.

"அதுங்கன்னா?" என்றார் தாந்தே. "எதுங்க?"

"இது ஏழாவது. முன்னாடி ஆறு செத்துப்போச்சு. நான்தான் மாத்தி மாத்தி விட்டேன். நீங்க கீழ கேக் வேகவைக்கற நேரம்."

"பைத்தியம் பிடிச்சிருக்கு தாந்தே இவளுக்கு. வேலை ஜாஸ்தி. வெயில் வேற…"

தாந்தே கையை உயர்த்தினார். எஃபெண்டி நிறுத்திக்கொண்டார். தாந்தேயின் விரல்களில் மாவு காய்ந்து வெடித்திருந்தது.

"என் பிறந்தநாள் அன்னிக்கு எங்கையில இறால் வாங்கித் தின்னது எத்தனாவது?"

"மூணாவது."

"அது எப்ப செத்தது?"

வெனிங்குக்குப் பொய் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பொய்க்கும் தெம்பு வேண்டும்.

"பதினோரு நாள் கழிச்சு."

"பதினோரு நாள்." தாந்தே தொட்டியைப் பார்த்தார். "அதுக்கப்புறம் ஒரு வருசம் நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். என் கையில தின்னவன்னு. நீ இங்கதான் நின்னு கண்ணாடி துடைச்சிட்டிருந்த."

"ஆமா."

"சிரிப்பு வந்துச்சா?"

"இல்ல தாந்தே."

"வேற என்ன வந்துச்சு?"

"தோள் வலி" என்றாள் வெனிங்.

எஃபெண்டி பையைக் கீழே வைத்தார். "நாளைக்குக் கடைப் பக்கம் வராத. நூறு பேர் நிக்கறான் இந்த வேலைக்கு. படிச்சவளச் சேக்காதன்னு எல்லாரும் சொன்னாங்க, நான்தான் கேக்கல."

"நீங்க அந்தப் பையத் தூக்குங்க" என்றார் தாந்தே அவரிடம். "அது எத்தன மாசத்துக்கு வரும்? மூணா, அஞ்சா? தூக்கிட்டுப் போங்க. கீழ கூட்டம் நிக்குது, என்னைக் கத்த வைக்காதீங்க."

எஃபெண்டி போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் கீழே இறங்கி ஓய்ந்தது. அப்புறம் தாந்தே வெனிங்கைப் பார்க்காமலே சொன்னார்.

"நீயும் போ."

வெனிங் நரம்பை விளிம்பில் சுற்றிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வாளி காலியாக இருந்தது. அப்படியும் கனத்தது. வண்டியில் கட்டிவிட்டு, கடை வாசலில் கேக் வாங்க நின்றவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். வண்டியை எடுக்க வேண்டும், எங்கே போவது என்று யோசிக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. வெண்ணெயும் சீனியும் வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாடி ஜன்னல் திறந்தது.

"ஏ பொண்ணு! அந்தப் பெட்டி உள்ளயே கிடக்கு. இவன் அதுக்குள்ள போய் நின்னுகிட்டு வெளிய வரமாட்டேங்கறான். யாரு எடுக்கறது, நானா?"

அவள் மறுபடி ஏறினாள். தாந்தே தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் பன் அடுக்குகிற பிளாஸ்டிக் கூடை ஒன்று, பக்கமெல்லாம் சதுரச் சதுரமாக ஓட்டை வைத்தது.

"இது உப்புத் தண்ணியில கெடுமா?"

"பிளாஸ்டிக்தானே தாந்தே. கெடாது."

"இதக் கவுத்துப் பவளத்து மேல வச்சா?"

வெனிங் கூடையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "வெளிச்சம் போகும். தண்ணி ஓடும். ஓட்டை வழியா இடுக்கிய விட்டு இறால் வைக்கலாம். மிதக்கும், மேல கல்லு வைக்கணும்."

"பாக்க அசிங்கமா இருக்கும்."

"இருக்கும்."

"வை."

வெனிங் பெட்டியை வெளியே எடுத்தாள். கூடையை வெந்நீரில் கழுவி, தோள் வரை கையை விட்டுப் பவளத்தின்மேல் கவிழ்த்து, இரண்டு கல்லை ஏற்றினாள். லாப்பிஸ் வந்து கூடையைச் சுற்றிப் பார்த்தது, ஒரு முறை முட்டியது, போயிற்று. கூடத்தின் நடுச்சுவரில், ஆறடிக் கடலுக்குள், கவிழ்ந்த ரொட்டிக்கூடை. கேக் வாங்க வருகிறவர்களை இனி மேலே கூட்டி வர முடியாது.

"வெள்ளிக்கிழம மட்டும் வா" என்றார் தாந்தே. "பத்து மணிக்கு மேல, நான் இருக்கறப்ப. வாளிய மூடி இல்லாம கொண்டுவா."

"சரி."

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத. வேற யாருக்கும் இதுக்குத் தீனி வைக்கத் தெரியாது, அதான்."

"சரி தாந்தே."

அதன்பிறகு வெனிங்குக்குச் சொந்தமாகக் கிடைத்தது மூன்று வீடுதான். அவளைச் சேர்க்காதீர்கள் என்று எஃபெண்டி ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். தோள் கொஞ்சம் ஆறியது, பணப்பை ஒட்டியது. அம்மா போனில் ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று கேட்டால் போகிறது என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் பத்து மணிக்கு மேல் போவாள். தாந்தே முதலில் வாளிக்குள் எட்டிப் பார்ப்பார். அப்புறம் கைபேசியில் போன வாரப் படத்தை எடுத்து, கண்ணாடியோரம் வைத்து, வால் பக்கம் மாறாமல் நின்றுபோன ஒற்றை வளையத்துண்டை மீனோடு ஒத்துப் பார்ப்பார்.

"அதே மீனா?"

"அதே மீன்தான் தாந்தே."

அவர் அதை லாப்பிஸ் என்று கூப்பிடுவதில்லை. மீன் என்றார். மீன் சாப்பிட்டதா, மீனுக்குக் கண் மங்கலாக இருக்கிறதா. பழைய பெயர் ஏழு மீனுக்கும் சேர்த்து இருந்ததாலோ என்னவோ, ஒன்றுக்கு மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ஒட்டியிருந்த படத்தை என்றைக்கோ கிழித்துவிட்டிருந்தார். பசை அடையாளம் மட்டும் மிச்சம்.

மஞ்சள் பட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. படத்தில் இருந்த மாதிரி நேராக இல்லை. நடுவில் இரண்டு நெளிந்தன, ஒன்று பாதியில் நின்றது. தொட்டியில் மாறுகிற மீன் அப்படித்தான் மாறும். தாந்தே ஒவ்வொரு வாரமும் படம் எடுத்தார். யாருக்கும் காட்டவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வெனிங் மேலே போனபோது தாந்தே இடுக்கியோடு தொட்டி மேல் குனிந்து நின்றிருந்தார். கூடைக்குள் மூளைப் பவளம் வளர்ந்து, சதை சதுர ஓட்டைகள் வழியாகப் பிதுங்கி வெளியே வந்திருந்தது. பிதுங்கின இடத்தில் எல்லாம் மீன் சுற்றிச் சுற்றி வந்து கொத்திக்கொண்டிருந்தது.

தாந்தே இடுக்கியால் தண்ணீரை அடித்தார். "எருமமாடே! தின்னு தின்னு வயிறு நிறையலியா உனக்கு? விடு! லாப்பிஸ்! விடுடா அத!"

சொன்ன பிறகு ஒரு கணம் அப்படியே நின்றார். வெனிங் ஒன்றும் கேட்காத மாதிரி வாளியை இறக்கி வைத்தாள்.

"கீழ கல்யாணக் கேக் வைக்கற கூடை ஒண்ணு இருக்கு" என்றார் தாந்தே திரும்பாமலே. "இதவிடப் பெரிசு. போய் எடுத்துட்டு வா. வெந்நியில கழுவிட்டு வா."